நேமிராஜ் திருப்பி அனுப்பாத மாடுகள்

செஞ்சியிலிருந்து பனமலைக்குப் போகும் வழியில், பாறைச் சரிவை ஒட்டி நேமிராஜுக்கு ஒரு மேட்டு நிலம் இருந்தது. பயிருக்கு ஆகாத மண். அதை நான்காகப் பிரித்து முள்வேலி போட்டிருந்தார். ஒரு பகுதியில் மாடுகளை விட்டால் மற்ற மூன்றையும் படல் சாத்தி வைத்துவிடுவார். கொழுக்கட்டைப்புல் தழைத்து விதை உதிர்க்கும் வரை திறக்கமாட்டார். அவருடைய ஏழெட்டு மாடுகள் கோடையிலும் எலும்பு தெரியாமல் இருந்தன.

கறவை நின்ற மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதில்லை என்பது அந்தச் சமண நயினார் வீட்டின் வழக்கம். விற்றால் அது எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கோடையில் பக்கத்து நிலத்துக் கலியபெருமாள் தன் கிழட்டுப் பசுவோடு வந்து நின்றார்.

"நயினாரே, கசாப்புக்குக் குடுக்க மனசு வரல. உங்ககிட்ட இருந்தா உசுரோடயாவது இருக்கும்."

நேமிராஜ் கயிற்றை வாங்கிக்கொண்டார். சேதி பரவியது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஓட்டிவந்தார்கள்; சிலர் சொல்லாமலே வேலியோரம் கட்டிவிட்டுப் போனார்கள். ஒருவரையும் அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. இரண்டே வருடத்தில் மாடுகள் மூன்று மடங்காயின. ஒரு பகுதியின் புல் ஒரு வாரத்துக்குக்கூட வரவில்லை.

மழை தள்ளிப்போன வருடம், மற்ற மூன்று பகுதிகளும் மேய்ந்து மொட்டையாகிவிட, அப்போதுதான் துளிர்விட்டிருந்த கடைசிப் பகுதி மட்டும் மூடிக் கிடந்தது. அவர் மனைவி மருதேவி கெஞ்சினாள்.

"அத மட்டும் தொறக்காதீங்க. வேரு புடிக்கட்டும். இதுவும் போச்சுன்னா எல்லாமே போயிடும்."

அவள் சொல்வது சரி என்று அவருக்கும் தெரியும். ஆனால் மாடுகள் விடிந்ததிலிருந்து படலில் முட்டிக் கத்திக்கொண்டிருந்தன. மதியத்துக்குமேல் தாங்காமல் திறந்துவிட்டார்.

பிறகு வந்த மழை நன்றாகவே பெய்தது. பிடித்துக்கொள்ள வேர் இல்லாததால் மேல்மண் கரைந்து ஓடையில் போனது. முளைத்தவை மாடு வாய் வைக்காத பார்த்தீனியமும் ஆவாரையும்தான். கன்று போட்டிருந்த பசுக்களுக்கும் பால் வற்றியது. வைக்கோல் வாங்கிப் போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. மாடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன, எழவில்லை. கலியபெருமாளின் பசுவும் போனது. அவர் வந்து குழி வெட்ட உதவினார்.

"வெட்டக் கூடாதுன்னுதான வாங்கினேன்," என்றார் நேமிராஜ் ஒருநாள் மருதேவியிடம். "பட்டினி போட்டுல்ல சாவடிச்சிருக்கேன். யார வேணாம்னு அனுப்பியிருக்கணும், சொல்லு."

அவள் மிச்ச மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

இப்போது மூன்று மாடுகள் மிஞ்சியிருக்கின்றன. அந்த நிலம் அவற்றுக்கும் போதவில்லை. வேலிகள் விழுந்துவிட்டன, திரும்பப் போட அவருக்குத் தோன்றவில்லை. காலையில் மாடுகளை அவிழ்த்து ஓட்டிவிடுகிறார். கற்களுக்கிடையே கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன்பே அவை வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன.