சரவெடி வைத்து அழைத்தோம்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எங்கள் இளைஞர் மன்றத் தலைவர், மேளம் அடிக்கும் அண்ணன் தம்பி இருவர், தெருப் பெண்கள் சார்பில் ஒரு மீன்கார அக்கா, செயலாளரான நான். இல்லாதவர்கள், பர்மாவிலிருந்து கப்பலில் வந்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்த பதினான்கு குடும்பத்தார். அவர்களை வரவேற்பது பற்றிப் பேசத்தான் கூட்டமே.

அறுபதுகளின் நடுவில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் நடந்தது இது. அதற்கு ஒரு மாதம் முன்பு குழாயடிச் சண்டை முற்றி, எங்கள் தெரு ஆட்கள் சிலர் அந்தக் குடிசைகள் மீது கல் எறிந்திருந்தார்கள். ஒரு பெரியவருக்கு மண்டை உடைந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான், படித்தவன் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற வேகம். இந்த வருஷக் கலைவிழாவை அண்டை வீட்டார் விழாவாக நடத்தி, அவர்களையும் மேடையேற்றலாம் என்றேன்.

"நம்ம கொயாயில தண்ணி புடிக்கிறது பத்தலையா, அவுங்களுக்கு மேடை வேற வோணுமா?" என்றார் மீன்கார அக்கா. சற்று யோசித்துவிட்டு அவரே, "சரி, கூப்புடுறதுன்னு ஆயிப்போச்சி. கஞ்சத்தனமா கூப்புடாதீங்கடா. நல்லா வெடி வச்சி இட்னு வாங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரியவர் யார் வந்தாலும் தெருமுனையில் சரவெடி கொளுத்தித்தான் அழைப்போம். வெடியில்லாமல் அழைத்தால் வந்தவரை மட்டமாக நடத்தியதாகப் பேச்சாகிவிடும். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

மறுநாள் குடிசைகளுக்குப் போய் அழைத்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி பர்மா நடனம் ஆடுவதாக ஏற்பாடு. அவளுடைய தாயார் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கல்லு எறிய மாட்டாங்களே தம்பி?" என்று கேட்டார். நான் பொறுப்பு என்றேன். வெடியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எதிர்பாராமல் வெடித்தால் குழந்தைகள் சந்தோஷத்தில் குதிப்பார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, பெண்கள் கொண்டையில் பூ வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஒட்டியபடி தெருமுனைக்கு வந்தார்கள். அந்தச் சிறுமி கையில் ஒரு காகிதக் குடை. ஊதுவத்தியால் நானே திரியைப் பற்றவைத்தேன்.

முதல் வெடிக்கே ஒரு பெண் அலறினாள். "அடிக்க வர்றாங்க, ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் திரும்பி ஓடத் தொடங்கிவிட்டார்கள். மேளக்காரர்கள் அதைக் குதூகலம் என்று எண்ணி இன்னும் பலமாக அடித்தார்கள். நிறுத்துங்கள் என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. புகை விலகியபோது தெருவில் செருப்புகளும் கிழிந்த குடையும்தான் கிடந்தன. சிறுமியைக் காணோம் என்று தாயார் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

நானும் தலைவரும் ரயில் பாதைப் பக்கம் ஓடினோம். அங்கே ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. பெட்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பெட்டிக்குக் கீழே, சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அவள் சுருண்டிருந்தாள். தூரத்தில் எஞ்சின் ஊதியது.

"நீ இங்கியே இரு, நான் டிரைவராண்ட சொல்றேன்!" என்று தலைவர் எஞ்சினை நோக்கி ஓடினார். முப்பது பெட்டிகளாவது தாண்ட வேண்டும். நான் ஜல்லியில் படுத்துக் கை நீட்டினேன். "வாம்மா, ஒண்ணுமில்ல, வா." அவள் என் கையைப் பார்த்தாள். அதில் இன்னும் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. நான் ஒரு சாண் நெருங்கினால் அவள் ஒரு சாண் உள்ளே போனாள். அவளைச் சாவை நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பது நான்தான் என்று புரிந்தது. ஊதுவத்தியை எறிந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அதைத் தவிர எனக்குச் செய்யத் தெரியவில்லை.

ஓடியதில் கால் பிசகிய தாயார் நொண்டியபடி வந்து சேர்ந்தார். தரையோடு தரையாகப் பெட்டிக்கு அடியில் ஊர்ந்தார். பர்மா மொழியில் மெதுவாக, தாலாட்டுவதுபோல ஏதோ சொல்லிக்கொண்டே போனார். சிறுமி அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எஞ்சின் பக்கமிருந்து 'டங், டங்' என்று பெட்டிக்குப் பெட்டி இடிபடும் சத்தம் எங்களை நோக்கி வந்தது.

தாயார் சிறுமியை வெளியே தள்ளினார், நான் இழுத்தேன். பிறகு அவரையும் தோளைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் ஒரு முழம்தான் உருண்டிருக்கும். அதற்குள் தலைவரின் கூச்சல் டிரைவருக்குக் கேட்டு வண்டி நின்றுவிட்டது. தாயார் வலது கையைத் தண்டவாளத்தில் ஊன்றியிருந்ததை நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் காலடியில் நின்று அழுதேன். அவர் களைத்த குரலில், "மரியாதை செய்யத்தான் வெடி வெச்சீங்கன்னு இப்பச் சொல்றாங்க. அடுத்த தடவை மரியாதை பண்றதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி, நாங்க வராம இருந்துக்கறோம்" என்றார். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

துணி தைத்துக் கொடுத்துப் பிழைப்பு நடத்தியவர் அவர். பர்மாவிலிருந்து கொண்டுவர முடிந்த ஒரே பொருளான தையல் மிஷினை அடுத்த மாதமே விற்றுவிட்டார்கள். நல்லது செய்யப் போகிறோம் என்ற சந்தோஷம் எனக்குள் எழும்போதெல்லாம் இப்போது முதலில் பயம்தான் வருகிறது. அந்தப் பயத்தை நான் கற்றுக்கொள்ள ஆன செலவு முழுவதும் அவர்களுடையது: வலது கையில் இரண்டு விரல், ஒரு தையல் மிஷின்.