பனியைக் குடித்த நுரையீரல்

முதலில் வந்தது கவிதை. பிறகுதான் இருமல் வந்தது. இரண்டில் இருமலுக்காவது மருந்து இருந்தது.

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, மாடி அறையில் மலையைப் பாடிக்கொண்டிருந்தேன். டிராம் மணி நரகம், அருவி சொர்க்கம் என்கிற ரகம். இத்தனைக்கும் நான் பிறந்தது மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். அந்தக் குளிரில் ஒருநாள் படுத்தவன்கூட எழுதத் துணியாத வரிகள் அவை.

இடது விலாவில் மூச்சுக்கு மூச்சு குத்தியது. புளூரிசி (நுரையீரலைச் சுற்றிய உறை அழன்று நீர் கோத்துக்கொள்வது) என்றார் டாக்டர். அன்றைக்கே வார்ட்டில் சேரச் சொன்னார். எனக்கு வேண்டியது மலைக்காற்று என்று சொல்லிவிட்டு, தோட்டத்திலேயே இருக்கும் தங்கை வீட்டுக்கு ரயிலேறினேன். என் கவிதையை நம்பிய ஒரே ஆள் நான்தான். வாசகர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

தங்கை கொழுந்து பறிக்கிறாள். அவள் புருஷனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. லயத்தில் அவர்களுக்கு ஒரே அறை. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைப்பார்கள். இயற்கைக்கும் எனக்கும் நடுவில் கதவா? திறந்தேன். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படித்து எல்லாரும் வேலைக்கு ஓடும் விடியலில், வாசலில் உட்கார்ந்து பனியை நெஞ்சு நிறைய இழுத்தேன்.

"மச்சான், அந்தப் பனியில எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார் தங்கை புருஷன்.

மாலையில் நனைந்து வந்த தங்கைக்குக் கவிதை வாசித்தேன். அட்டை கடித்த கெண்டைக்காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. அட்டையத்தான் எங்கயும் காணோம்."

அந்த வாரமே காய்ச்சலில் சுருண்டேன். மூச்சு பாதி வழியில் திரும்பியது. மச்சான் என்னைக் கம்பளியில் சுற்றி, தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில் கிடத்தினார்.

"அசையாம படுங்க மச்சான். பெட்டி நசுங்குனா என்னையத்தான் ஏசுவாங்க."

அந்த லொறியில் தரம் தேறாத சரக்கு நான் ஒருவன்தான்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்தவர். விலாவுக்குள் ஊசியை இறக்கி நீரை எடுத்தார். அது பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது.

"ஆர் காணும் உமக்கு உந்தப் பனிக்குள்ள போய் இருக்கச் சொன்னது?"

"ஒரு கவிஞர், ஐயா."

"அவரையும் கூட்டிக்கொண்டு வாரும். அவருக்கும் ஊசி போடுவம்."

பிழைத்தேன். ஆனால் உறை ஒட்டிக்கொண்டதால் இடது நுரையீரலின் அடிப்பாகம் இனி விரியாது. மலையேறக் கூடாது. தங்கை வீடு மலை மேல்.

இருமலோடு இதைப் படிப்பவரே, டாக்டர் கட்டில் தந்தால் படுத்துவிடுங்கள். மலையின் அமைதியைப் பாடுகிறவர்கள் எல்லாம் காய்ந்த போர்வைக்குள் இருந்துதான் பாடுகிறார்கள். நானும் அப்படித்தான் பாடினேன்.

மறுபடி புறக்கோட்டை. டிராம் மணி கேட்டால்தான் இப்போது தூக்கம் வருகிறது. மாடிப்படியில் நடுவில் நின்று, மூச்சு வந்து சேரும்வரை காத்திருக்கிறேன். அதற்கு என்ன அவசரம்.

கொழும்பில் வெயில் கொளுத்தும் நாளிலும் சில வேளை இடது விலா இழுத்துப் பிடிக்கும். மேலே மழை இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். கையிலிருக்கும் கணக்கு அப்படியே நிற்கும். தங்கை கூடையை இறக்கி, வீடு வந்து, அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்தும் நேரம் ஆகட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.