நிற்கத் தெரிந்த ரம்பம்

ராசிபுரம் பேருந்து நிலையத்தில் நெய் டப்பாவோடு நின்றிருந்தபோது மலர் போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா தவறிட்டாருங்க." நேற்றுச் சாயங்காலம்கூடப் பழனி என்னை வம்புக்கு இழுத்தானே என்றேன், ஏதோ அதைச் சொன்னால் எழுந்து வந்துவிடுவான் என்பதுபோல. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறையில் சாய்ந்தவன் எழவில்லையாம். மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

நாமக்கல் பட்டறைக்காரர்களுக்குப் பழனியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் லாரிக்குக் கூடு கட்டும் தச்சன். நான் அதே பட்டறையில் பெயிண்டர். எட்டாம் வகுப்பைத் தாண்டாத என் கை எழுதிய எழுத்து காஷ்மீர் வரை ஓடுகிறது. எல்லையில் நிற்கும் பட்டாளத்துக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தமிழ் படித்தார்கள் என்று நான் சொல்வதுண்டு. அப்போதெல்லாம் பழனி தலையை நிமிர்த்தாமலே சொல்வான்: "அண்ணன் சொல்றதுல பாதிய வெட்டிட்டு மிச்சத்த எடுத்துக்கங்க."

அவன் மகள் மலர் ஓசூரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சர். அவள் முதல் சம்பளத்தில் வாங்கிய கிடாரை, சித்திரை மாதம் ஊருக்குக் கொண்டுவரச் சொல்லித் தெரிந்த லாரியில் ஏற்றிவிட்டாள். பழனி அதை இறக்கி, தூசி படக்கூடாது என்று, வேலைக்கு நின்ற இன்னொரு லாரியின் கேபினுக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டான். அன்றைய வெயிலில் கேபினுக்குள் கோழி முட்டை வெந்திருக்கும். வெந்ததை நானே உரித்துத் தின்றேன் என்றுகூடச் சொல்வேன். சாயங்காலம் திறந்தால் கிடாரின் பசை உருகி, உள்ளே இருந்த சட்டங்கள் கழன்று, முன்பலகை புடைத்துக் கிடந்தது.

"போனாப் போகுதுங்கப்பா" என்றாள் மலர். அதுதான் அவனைக் குடைந்தது. "நான் கெடுத்தது. கடையில வாங்கிக் குடுத்தா அது கடைக்காரன் குடுத்த மாதிரிங்ணா. நானே செஞ்சு குடுக்கோணும்" என்றான்.

முதல் கிடாரை அவன் லாரிக்காரனாகவே செய்தான். முன்பலகைக்கு அடியில் ஒட்டும் சட்டங்களை விரல் கனத்துக்கு வைத்தான். போதாதென்று நடுவில் இன்னும் இரண்டு. இருபது டன் ஏற்றினாலும் வளையாது என்று நான்தான் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மலர் வந்து கம்பியை மீட்டினாள். பழைய பெட்டியைத் தட்டியதுபோல ஒரு சத்தம், அதுவும் உடனே செத்துப்போனது. "நல்லா இருக்குங்கப்பா" என்றாள். அவள் பேருந்து ஏறியதும் பழனி சொன்னான்: "புள்ள பொய் சொல்லுதுங்ணா. உங்க கிட்டப் பழகிருச்சு."

அதன் பிறகுதான் பலகை அதிர வேண்டும், சட்டம் மெலிய வேண்டும் என்று அவனுக்குப் பிடிபட்டது. மெஷின் வந்த பைன் மரப் பெட்டியைப் பிரித்து மெல்லிய சட்டங்களாக இழைத்தான். முக்கியமான இரண்டு சட்டங்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்காமல் இருக்க, ஒன்றில் மேலே பாதியும் மற்றதில் கீழே பாதியும் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோக்க வேண்டும். லாரியின் குறுக்குக் கட்டைக்கும் இதே வெட்டுத்தான். ஆனால் அங்கே இடைவெளி விழுந்தால் ஆப்பு வைத்து போல்ட்டை முறுக்கிவிடலாம். இங்கே ஒரு மயிரிழை ஆழம் கூடினாலும் சட்டம் ஒடிந்து கையோடு வந்துவிடும். நாலைந்து வந்தன.

"ஏனுங்ணா, அந்த ஒடஞ்ச ஆக்சா பிளேடு ரெண்டு எடுங்க" என்றான். இரும்பு அறுக்கும் அந்தப் பிளேடு இரண்டையும் இணையாக வைத்து, நடுவில் சட்டத்தின் துண்டையே கொடுத்து, ஒரு கைப்பிடிக் கட்டையில் திருகினான். ஒரே இழுப்பில் வெட்டின் இரண்டு பக்கமும் அறுபடும். நடுவில் நிற்கும் மரத்தை உளியால் தட்டிவிடலாம். ஆனால் வெட்டிப் பார்த்தால் சட்டம் லொடலொடவென்று ஆடியது.

"பிளேடோட கனத்த மறந்துட்ட தம்பி" என்றேன். இதை நான் சொன்னேனா, அவன் சொல்லி நான் தலையாட்டினேனா என்று இப்போது விசாரிக்க வேண்டாம். நடுத்துண்டில் இரண்டு பிளேடு கனம் குறையும்படி இழைத்துப் போட்டதும் சட்டம் இறுக்கமாக உட்கார்ந்தது. கடைசியாக, பிளேடின் பக்கவாட்டில், பாதி ஆழம் வந்ததும் மரத்தில் முட்டி நிற்கும்படி ஒரு சின்னக் கட்டையை அடித்தான். அதற்குமேல் எவ்வளவு அறுத்தாலும் ரம்பம் இறங்காது.

"அறுக்கறதுக்கு ஆயிரம் ரம்பம் இருக்குது. இது நிக்கத் தெரிஞ்ச ரம்பம்" என்றவன், என்னைப் பார்த்துச் சிரித்தான். "உங்க வாய்க்கும் இப்படி ஒரு கட்ட அடிச்சுடோணுங்ணா."

"அடிச்சா உன்னப் பத்தி ஊர்ல எவன்டா பேசுவான்?" என்றேன்.

ஒரு சட்டத்தை வெட்டி வைத்தான். அதற்குள் அவசரமாக ஒரு லாரி வேலை வந்தது. இரண்டாவது சட்டத்தில் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தான்.

பழனியின் காரியம் முடிந்த பிறகு மலர் பட்டறைக்கு வந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். "பெரியப்பா, நீங்களும் அப்பாவும் சேர்ந்துதான இந்த ரம்பத்தச் செஞ்சீங்க? இத நீங்க வெட்டிக் குடுங்க."

நான் ஜன்மத்தில் மரம் அறுத்தவன் இல்லை. என் கையில் பிரஷ் ஓடும், ரம்பம் ஓடாது. ஆனாலும் எடுத்தேன். கண் கலங்கிக் கோடே தெரியவில்லை. "கோட்டு மேல வைங்க பெரியப்பா" என்று அவள்தான் பிடித்து வைத்தாள். அறுத்தேன். ஓர் இடத்தில் மரம் மரத்தோடு முட்டியது. அதற்குமேல் போகவில்லை. பழனி என் மணிக்கட்டைப் பிடித்து "போதுங்ணா" என்றதுபோல இருந்தது.

நடுவில் நின்ற மரத்தை உளியால் தட்டிவிட்டதும் சட்டம் சட்டத்துக்குள் இறங்கியது. பட்டறையில் இருந்தவர்கள் அதை முன்பலகையில் பசை போட்டு ஒட்டிக் கனம் ஏற்றினார்கள். காய்ந்ததும் மலர் பலகையை விளிம்பில் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். முதல் கிடாரில் செத்துப்போன அந்தச் சத்தம் இந்த முறை சாகவில்லை. தகரக் கூரைக்கு அடியில் நீண்டு போய்க்கொண்டே இருந்தது. "அப்பா கேக்கலையே" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் சொல்லவில்லை.

பலகையை அவள் எடுத்துப்போனாள். மீதி வேலையை ஓசூரில் ஒருவர் முடித்துத் தருகிறாராம். ரம்பம் என் பிரஷ்களுக்கு நடுவே ஆணியில் தொங்குகிறது. நான் சொல்வதில் பாதியை வெட்ட இப்போது ஆள் இல்லை. ஆகையால் இதில் முட்டை உரித்துத் தின்றது போன்றவற்றை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள். அது எவ்வளவு நீண்டதோ அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.