வாளியக்கா கொடுத்த வாக்கு

அந்தத் தெருவில் தையல்காரியின் டேப் படாத உடம்பு ஒன்றுகூட இருக்காது. முன்னறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்து, குண்டூசியைப் பல்லில் கவ்விக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்கு மனசு சிறுத்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால்தான் கல்லூரி டீச்சர் நேராக அவளிடம் வந்தாள்.

டீச்சர் பக்கத்துக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பாடம் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது, பிள்ளைகள் அதைத் தெருவோடு சேர்ந்து கற்க வேண்டும் என்பது அவள் ஆசை. வீடுகளில் சேரும் காய்கறித் தோலையும் மிச்சத்தையும் மாணவர்கள் தள்ளுவண்டியில் எடுத்துப்போய், கல்லூரிக்குப் பின்னால் குழியில் போட்டு உரமாக்குவார்கள். அதற்கு மார்க்கும் உண்டு.

"நாங்க வந்து கேட்டா யாரும் நம்ப மாட்டாங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

தையல்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"பேன்ட்டுக்கு ஜிப்பு வைக்கச் சொல்லி மாசம் ஒண்ணாச்சு. நீ வந்து குப்பைக்கு வாளி வைக்கச் சொல்றியேம்மா" என்றார் மாடிவீட்டுக்காரர்.

"நீங்க வாளி வைங்க, ஜிப்பு நாளைக்கே வந்துரும். வண்டி தினமும் வரும், அதுக்கு நான் பொறுப்பு."

வண்டி தினமும் வந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு வாளியக்கா என்று பெயரே வந்துவிட்டது. டீச்சர் ஒருநாள் அவளை வகுப்புக்கு அழைத்துப்போய்ப் பேச வைத்தாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள், கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசிவிட்டு வந்தாள்.

"இனிமே புரொபசரம்மாவுக்கு நான்தான் காபி போடணுமா?" என்றான் கணவன்.

"போடுங்க. சர்க்கரை கம்மியா."

பரீட்சை முடிந்த மறுநாள் வண்டி வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. தையல்காரி கல்லூரிக்கே நடந்தாள். கேட் பூட்டியிருந்தது.

"லீவு விட்டாச்சும்மா" என்றார் வாட்ச்மேன். "அந்தக் குழிதானே? கிளறி விட ஆளில்லாம நாறுது. நானே மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். உள்ள விட எனக்கு உத்தரவு இல்ல."

அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் செய்தாள்.

"பசங்க ஊருக்குப் போயிட்டாங்கக்கா. மார்க் போட்டாச்சு, இனி அவங்களைக் கூப்பிட எனக்கு அதிகாரம் கிடையாது. அடுத்த டெர்ம்ல என்னையே கூப்பிடுவாங்களான்னு தெரியல."

"லீவு வரும்னு உங்களுக்குத் தெரியுமே டீச்சர்."

"வகுப்பு நாளை மட்டும்தான் யோசிச்சேன்கா." டீச்சரின் குரல் உள்ளே போனது. "லீவுலயும் குழியைப் பாத்துக்க ஆள் வேணும்னு பிரின்சிபாலுக்கு எழுதியிருக்கேன்."

தானும் கேட்கவில்லையே என்று தையல்காரிக்கு உறைத்தது. லீவிலும் வீடுகளில் அடுப்பு எரியும் என்பது அந்த இரண்டு பேரில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை.

தெரு அவளை விடவில்லை. வாக்குக் கொடுத்தவள் அவள்தானே. வாளிகள் ஒவ்வொன்றாக அவள் வாசலுக்கு வந்து சேர்ந்தன. கொட்டிப் புதைக்கலாம் என்றால் அவளுக்குக் கொல்லையும் இல்லை. ஈ மொய்த்தது. எதிர்வீட்டு அண்ணி தைக்கக் கொடுத்த துணியை மோந்து பார்த்துவிட்டு, பேசாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"குப்பை லாரி வருது. போட்டுடலாம், வேற வழியில்ல" என்றான் கணவன்.

தனியாகப் பிரித்து வைத்ததெல்லாம் பிளாஸ்டிக் பைகளின் மேலும் உடைந்த கண்ணாடியின் மேலும் போய் விழுந்தது. மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"கடைசில எல்லாம் லாரிக்குத்தானா? இதுக்கா நான் முட்டை ஓட்டைக்கூடத் தனியா எடுத்து வெச்சேன்?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளிகளைத் தேய்த்துக் கழுவி, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தாள். சில பேர் வாங்கிக்கொண்டார்கள். சில பேர், "நீயே வெச்சுக்கோ, துணி ஊறவைக்க ஆகும்" என்றார்கள்.

கல்லூரி திறந்ததும் வண்டி மறுபடி வந்தது. முகங்கள் புதுசு. டீச்சர் மட்டும் அதே டீச்சர். பிள்ளைகள் மணி அடித்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுமாமே" என்றாள் ஒரு புதுப் பெண்.

தையல்காரி டீச்சரைப் பார்த்தாள். "அடுத்த லீவுக்கு?"

"எழுதியிருக்கேன்கா. பதில் வரல."

தையல்காரி மாடிப்படி வரைக்கும் போனாள். முதல் படியில் கால் வைத்தாள். மேலே போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்து, தன் வீட்டு வாளியை மட்டும் எடுத்து வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். பாதிகூட நிறையாத வாளி.