இசட் இருந்த பக்கம்

எங்கள் சண்டிலிப்பாய் வாசிகசாலையில் ஒரு போட்டி. 'இசட்' எழுத்து வரும் மிக நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்த ஒரே அகராதியில் எனக்கு ஒன்று அகப்பட்டது. வேறு யாரும் கண்டுவிடக் கூடாதென்று அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

மறுநாள் அது தெரியவர, வாசிகசாலைக்காரர்கள் எங்கள் எல்லோரையும் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கிழிக்காதவன் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். என் முறை வந்தபோது நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தேன். வாசிகசாலைக் காவலாளி கந்தையா அண்ணை அதைக் கண்டுவிட்டார்.

"தம்பியை விடுங்கோ. நான்தான் கிழிச்சனான்."

போகும்போது என் காதருகே சொன்னார்: "பொய்ச் சத்தியம் உன்ரை குடும்பத்துக்குக் கூடாதடா."

அவருக்கு வேலை போயிற்று. நான் அந்தச் சொல்லையே போட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். முதற்பரிசும் எனக்கே, புத்தம்புதிய அகராதி.

அதில் அந்தப் பக்கத்தை இன்னும் நான் திறக்கவில்லை.