சுயேச்சை வேட்பாளரின் மொட்டைத்தலைப் படம்

1971ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே தேர்தல் வந்திருந்தது. காஞ்சிபுரத்தில் நான் ஸ்டூடியோ வைத்து அப்போது ஐந்தாம் ஆண்டு. எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இங்கே சொல்வதை வெறும் ஞாபகத்தை நம்பிச் சொல்லவில்லை.

கட்சி வேட்பாளர்களுக்கு என்னைப் போன்றவன் தேவைப்படவில்லை. அவர்களுடைய சுவரொட்டியில் தலைவர்களின் முகம்தான் பெரிது. வேட்பாளர் ஓரத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருப்பார். அது யார் முகமாக இருந்தாலும் ஒன்றுதான். என்னிடம் வந்தவரோ நாடாளுமன்றத் தொகுதிக்குச் சுயேச்சையாக நின்றவர். கட்சி இல்லை, தலைவர் இல்லை, கிடைத்த சின்னமும் யார் கண்ணுக்கும் பழகாதது. அவர் கையில் இருந்தது அவருடைய முகம் ஒன்றுதான். இன்னும் சரியாகச் சொன்னால், அவருடைய முடி.

பட்டுத்தறி நெய்பவர். நாற்பத்தைந்து வயதிலும் நரைக்காத, காடு மாதிரி அடர்ந்த சுருட்டை முடி. நூல் விலை ஏறும்போதெல்லாம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பேசிப் பேசியே சுற்றுவட்டாரத்தில் தெரிந்த ஆளாகியிருந்தார். பேர் சொன்னால் ஜனங்கள் யோசிப்பார்கள். சுருட்டை முடிக்காரர் என்றால் உடனே தலையாட்டுவார்கள்.

1967 தேர்தலிலும் அவர் மனு கொடுத்திருந்தார். ஏதோ கையெழுத்து விட்டுப்போனதால் தள்ளுபடி ஆகிவிட்டது. அந்த அவமானம் ஆறாத அவருடைய மனைவி, இந்த முறை மனு நிலைத்தால் புருஷனின் முடியைத் திருத்தணி முருகனுக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மனு நிலைத்தது. பரிசீலனை முடிந்த கையோடு புருஷனும் பெண்சாதியும் திருத்தணிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். படம் எடுக்க என்னிடம் நாள் குறித்திருந்தது அதற்கு மறுநாள் காலைக்கு. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலையில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றார். கூடவே அவருடைய மைத்துனர், அவர்தான் தேர்தல் வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டவர்.

"இன்னா மாமா இது? ஓட்டு கேக்கப் போறியா, காசிக்குப் போறியா?"

"உங்க அக்காவக் கேளு" என்றார் அவர், நாற்காலியைத் தேடிக்கொண்டே.

மறுநாள் மாலைக்குள் படம் மெட்ராஸில் பிளாக், அதாவது அச்சுத் தகடு, செய்பவரிடம் போய்ச் சேரவேண்டும். பிளாக் வந்தால்தான் அச்சகத்தில் நோட்டீஸ் ஓடும். முதலில் பழைய நெகட்டிவ்களைத் துழாவினேன். கூட்டுறவுச் சங்க ஆண்டுவிழாக் கூட்டப் படம் ஒன்றில் அவர் மூன்றாம் வரிசையில் நின்றிருந்தார், முகம் மிளகு அளவு. பெரிதாக்கிப் பார்த்தபோது முகம் கலைந்து வெறும் மணலாகத் தெரிந்தது. அதற்குள் மைத்துனர் நாடகக் கம்பெனிக்காரர் ஒருவரிடமிருந்து ராஜா வேஷத்து டோப்பா முடி ஒன்றை இரவல் வாங்கி வந்துவிட்டார். அதை வைத்துக் கண்ணாடியில் பார்த்த வேட்பாளர், இந்தத் தலையோடு போனால் ஓட்டுக் கேட்க முடியாது, கப்பம்தான் கேட்கலாம் என்று கழற்றி மேசைமேல் வைத்தார்.

கடைசியாக மைத்துனர் என் கைத்திறமையைப் பிடித்துக்கொண்டார். அம்மைத் தழும்பை அழிக்கிறவனுக்கு முடி வரையத் தெரியாதா என்றார். தெரியும். மொட்டைத் தலையோடு ஒரு படம் எடுத்து, பிரிண்டு போட்டு, அதன்மேல் மெல்லிய பிரஷ்ஷால் சுருள் சுருளாக வரைந்தும் காட்டினேன். நன்றாகவே வந்தது. மைத்துனர் அப்படியே எடுத்துக் கவரில் போடப்போனார்.

நான் கொடுக்கவில்லை. இந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு இந்தத் தலையோடு தெருவுக்குள் போனால், வேறு யாருக்கோ இவர் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள் என்றேன். வாக்குப்பதிவுக்குள் முடி வளராது. படத்திலும் நேரிலும் ஒரே ஆள் இருந்தாகவேண்டும். மைத்துனர் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். வேட்பாளர் கண்ணாடி முன்னால் போய் நின்று தலையைத் தடவிப் பார்த்தார்.

"மொட்டையோட எடுத்தா நான்தான்னு தெரியுமாபா?"

"தெரியற மாதிரி எடுக்கிறேண்ணா."

சொல்லிவிட்டேனே ஒழிய, வேலை சுலபமாக இல்லை. ஃபிளட் லைட்டைப் போட்டால் மண்டை வெண்கலக் குடம்போல மின்னியது. மட்டமான காகிதத்தில் பிளாக் அச்சடிக்கும்போது அந்த வெளுப்பு பின்னணியோடு கலந்து, நெற்றிக்கு மேலே ஒன்றுமே இல்லாமல் போய்விடும். பவுடர் போட்டுப் பார்த்தேன், பிணக்களை வந்தது. விளக்குகளை அணைத்தேன். தறிமேல் வெளிச்சம் இறங்குவதற்காக நெசவாளர் வீடுகளில் கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். என்னுடையதும் ஓட்டுக் கூரைதான். ஏணி வைத்து ஏறி நான்கு ஓடுகளைப் பிரித்து, அந்த இடத்தில் ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியை வைத்து, கூசாமலிருக்க அதன்மேல் மெல்லிய வேட்டித் துணியை விரித்தேன். பின்னணிக்கு அவர் வீட்டிலிருந்தே அரக்குநிறப் புடவை வந்தது. படத்தில் அது கறுப்பாக விழும், தலையின் வடிவம் தெளிவாக நிற்கும்.

அந்த வெளிச்சத்துக்கு அடியில் உட்கார்ந்ததும் அவர் மாறிவிட்டார். அதுவரை தாடையைத் தூக்கித் தலைவர்களைப் போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர், தறியில் உட்கார்வது போல் தோளைத் தளர்த்தி, இழை அறுந்ததா என்று பார்க்கும் கண்ணோடு நேராக என்னைப் பார்த்தார். ஒன்பது ஃபிலிம் எடுத்தேன். எட்டில் திருப்தி இல்லை. ஒன்பதாவது சரியாக விழுந்தது, அதில் ஒரு தழும்பைக்கூட நான் பிரஷ்ஷால் தொடவில்லை. மறுநாள் நானே அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன்.

நோட்டீஸ் அச்சாகி வந்ததும் அவர்களோடு கூரம் கிராமத்துக்கு நானும் போனேன். எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. முந்தின நாளே நோட்டீஸ் ஒட்டியிருந்த ஒரு சுவருக்கு எதிரே, நெல் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். மைத்துனர் பேர் சொல்ல வாய் திறப்பதற்குள்,

"நூல் வெலைக்குக் கத்தினு இருப்பாரே, அவருதான? முடி எங்கபா போச்சு?" என்றார்.

"திருத்தணியிலமா" என்றார் வேட்பாளர்.

"இன்னா வேண்டுதலு?"

"மனு தள்ளக்கூடாதுன்னு."

"மனுவுக்கேவா? அப்ப ஜெயிச்சா தர்றதுக்கு இன்னா வச்சினுகிற?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் சிரிக்க, பக்கத்துக் களத்திலிருந்தவர்களும் பார்க்க வந்தார்கள். மைத்துனர் அதற்குப் பிறகு முடியைப் பற்றிப் பேசவில்லை. அடுத்துப் போகவேண்டிய ஊரான முசரவாக்கத்துக்கு நோட்டீஸ் போதவில்லை என்று மேலும் அடிக்கச் சொன்னார்.

மார்ச்சில் எண்ணி முடித்தார்கள். அவர் தோற்றார். கட்சிகள் வாரிக்கொண்டு போன தேர்தல் அது, சுயேச்சைகளுக்கு இடமே இருக்கவில்லை. அவர் ஊரில் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். சுருட்டை பழையபடி வளர்ந்திருந்தது. அடுத்த எலெக்சனுக்குப் படம் எடுக்கச் சொன்னார். அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, அதற்குள் நரைத்துவிடும் என்றேன்.

"நரச்சா இன்னொண்ணு எடு" என்றார். "இப்ப இத்த எடு. வீட்ல மறுபடியும் இன்னாவோ வேண்டிக்கினுகிறா."