படகுத்துறைக்கு வந்த படிகள்

மகாவலி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சின்ன டவுன் கண்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே சுற்றுலாப் பயணிகளை வரவழைக்க நடைபாதை, படகுத்துறை என்று திட்டம் போட்டபோது நான் நகரசபையில் கிளார்க். அந்தப் பேச்சு எழுந்த நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படகுத்துறைக்குக் குறித்த இடத்தில்தான் லயத்து ஆட்கள் குளிப்பதும் துவைப்பதும். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலித்து, ஆற்று நீர் நிரப்பிச் சோடித்துத் தூக்குவதும் அங்கேதான்.

லயம் என்றால் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்களின் ஒரு வரிசை வீடுகள். எல்லாம் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். மூன்றாவது வீடு என் அக்காவுடையது. நான் பிறந்ததும் அங்கேதான். ஆபீசில் அதை மூச்சுவிடவில்லை. கண்டிப் பக்கத்து அம்பிட்டியவில் அறை எடுத்து, அதுவே என் ஊர் என்று சொல்லிவந்தேன். லயத்து ஆட்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கொழும்பிலிருந்து வந்த திட்ட அதிகாரி நல்ல பெண்மணி. கரையைப் பாவிக்கிறவர்கள், குளிக்கவோ துவைக்கவோ வருகிறவர்கள், இருந்தால் அவர்களுக்குத் தனியாகப் படிகள் கட்டித் தருவதாகச் சொன்னார். அவர் பார்க்க வருவதற்கு முதல் நாள் அக்காவிடம் ஓடினேன்.

"பெரிய ஆளுங்க வர்றாங்க. கொஞ்சம் பார்த்துக்குங்க."

அதுதான் நான் செய்த பிழை. தோட்டத்தை நடத்தும் துரை லயம் பார்க்க வந்தால் கொடித்துணியை அவிழ்த்து, பிள்ளைகளை உள்ளே போட்டுப் பூட்டிப் பழகிய பரம்பரை நாங்கள். மறுநாள் கரையில் ஒரு வாளிகூட இல்லை. துவைக்கிற கல்லைக்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அதிகாரி படம் எடுத்தார். "இங்கே யாராவது வருவார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். கூட வந்த நகரசபை ஓவர்சியர், "ஒருவரும் இல்லை, மிஸ்" என்றார். நான் மரம் மாதிரி நின்றேன்.

வரைபடம் வந்தது. 'பாவனையில் இல்லாத கரை' என்று எழுதி, சுற்றிவர வேலி போட்டிருந்தது. இரண்டு இரவு தூக்கமில்லை. பிறகு அதிகாரியிடம் போய், அங்கே ஆட்கள் குளிக்கிறார்கள் என்றேன். திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும், கண்ணால் கண்டால் படிகளைப் போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

மறுபடியும் அக்காவிடம் ஓடினேன். "எப்பவும் போல இருங்க. குளிங்க, துவைங்க."

"பெரிய ஆளுங்க முன்னுக்குக் குளிக்கிறதா? ஒனக்கு என்னா, பைத்தியமா?"

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கரை பளிச்சென்று கூட்டியிருந்தது. ஆணும் பெண்ணுமாகத் திருவிழா உடுப்பில் வரிசையாக நின்றார்கள். அக்கா கையில் வெற்றிலைத் தட்டு, அதில் ஒரு மாலை. ஒருவர் உடம்பிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதிகாரி மாலையை வாங்கிக்கொண்டு சிரித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பைலை மூடினார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. முதலில் அவர்கள் மேல். அடுத்த நொடி என் மேல். சப்பாத்தைக் கழற்றினேன், சட்டையைக் கழற்றினேன், காற்சட்டையோடு ஆற்றில் இறங்கி முங்கினேன். எழுந்தபோது ஓவர்சியர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"மிஸ், நான் அந்த மூன்றாவது வீட்டில் பிறந்தவன். நாங்கள் குளிக்கிற இடம் இதுதான்" என்றேன்.

அக்கா தட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, நல்ல சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர் இறங்கினார்கள்.

அதிகாரி பைலைத் திறந்தார். எப்படிப்பட்ட படிகள் வேண்டும் என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"வயசானவங்க எறங்குற மாதிரி எங்களுக்குப் போட்டுத் தரச் சொல்லு, தம்பி" என்றாள் அக்கா.

அதைச் சிங்களத்தில் சொன்னேன். குளிரில் பல் தந்தியடித்து, 'எங்களுக்கு' என்ற சொல் மட்டும் சரியாக வரவில்லை. திரும்பவும் சொன்னேன்.